ஒரே 18 வோல்ட், ஐந்து வழி

மாடுலர் கிச்சன் பொருத்துவது என் தொழில். இரண்டு டிரில், ஓர் இம்பாக்ட் டிரைவர், ஒரு கிரைண்டர் வைத்திருக்கிறேன். மெஷின்களுக்குக் கொடுத்த காசைவிட அவற்றின் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் கொடுத்ததுதான் அதிகம். கத்திரி வெயிலில் ஒரே வாரத்தில் இரண்டு பேட்டரி படுத்துவிட்டன. மறுபடி சென்னை பாரிமுனைக் கடைகளுக்கு ஓட்டம்.

கடை கடையாக ஏறி இறங்கியதில் தெரிந்த வழிகள் இவை: ஒரிஜினல் பேட்டரியைத் தனியாக வாங்கலாம். மெஷினோடு வரும் காம்போவாக எடுக்கலாம். ‘கம்பேட்டிபிள்’ என்ற பெயரில் வரும் மலிவுச் சரக்கைப் பிடிக்கலாம். எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பழைய பேட்டரிக்கு உள்ளே இருக்கும் செல்லை மாற்றலாம். அதுவும் வேண்டாம் என்றால், இருக்கவே இருக்கிறார் அமெரிக்காவில் என் மச்சான்.

எதுவானாலும் முதலில் வோல்ட்டை ஏ.ஹெச்.சால், அதாவது பேட்டரி மேல் போட்டிருக்கும் ஆம்பியர்-அவரால், பெருக்குங்கள். வருவது வாட்-அவர், பேட்டரியில் அடங்கும் மொத்த ஆற்றல். 18 வோல்ட், 2 ஏ.ஹெச். என்றால் 36 வாட்-அவர், 5 ஏ.ஹெச். என்றால் 90. விலையை இதால் வகுத்தால்தான் எது மலிவு என்று தெரியும். ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று டப்பாவில் போட்டிருந்தால் கூடுதல் சக்தி என்று நினைத்துவிடாதீர்கள். அதிலும் வரிசையாக ஐந்து செல்தான், செல்லுக்கு 3.6 வோல்ட், மொத்தம் 18. சார்ஜ் ஏறியதும் சுமை இல்லாமல் அளந்தால் 20ஐத் தொடும், அவ்வளவுதான்.

காம்போவா, தனி பேட்டரியா? உதாரணத்துக்கு, பேட்டரி இல்லாமல் பாடி மட்டும் 5,000 ரூபாய், அதே மெஷின் இரண்டு 2 ஏ.ஹெச். பேட்டரியும் சார்ஜரும் சேர்த்து 10,000 என்று வைத்துக்கொள்வோம். 72 வாட்-அவரும் ஒரு சார்ஜரும் 5,000க்கு வந்துவிடுகின்றன. தனியாக ஒரு 2 ஏ.ஹெச். பேட்டரிக்கே 3,500 சொன்னால், காம்போதான் லாபம். நான் கேட்ட கடைகளில் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான் வந்தது. கூட வரும் டிரில் தேவையில்லை என்றால் உதவியாளருக்குக் கொடுத்துவிடலாம்.

ஆனால் காம்போ டப்பாவுக்குள் எந்த வரிசை பேட்டரி என்று பாருங்கள். மக்கிட்டா கம்பெனியில் ஜி வரிசையும் 18 வோல்ட்தான், எல்.எக்ஸ்.டி.யும் 18 வோல்ட்தான். ஒன்றின் பேட்டரி மற்றதில் ஏறாது. பாஷில் நீல மெஷினுக்கும் பச்சை மெஷினுக்கும் இதே கதை.

கிரைண்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 700 வாட் இழுக்கும்போது 18 வோல்ட்டில் ஏறக்குறைய 39 ஆம்பியர் ஓடும். 2 ஏ.ஹெச். பேட்டரியில் ஐந்தே செல் என்பதால் ஒவ்வொரு செல்லும் முழுச் சுமையையும் தாங்க வேண்டும். வழக்கமான 5 ஏ.ஹெச்.சில் பத்து செல், இரண்டிரண்டாகப் பங்கு போட்டுக்கொள்ளும், சூடு குறையும். அதனால் கிரைண்டருக்கு மட்டும் தனி 5 ஏ.ஹெச். வாங்குவதில் எனக்கு வருத்தமில்லை. டிரில்லுக்கு அது வீண் கனம். தலைக்கு மேல் கையைத் தூக்கி ஸ்க்ரூ போடுபவரைக் கேளுங்கள்.

இனி அந்த மலிவுச் சரக்கு. 6 ஏ.ஹெச். என்று ஸ்டிக்கர், ஒரிஜினலில் மூன்றில் ஒரு பங்கு விலை. “அண்ணே, சும்மா எடுத்துட்டுப் போங்க, எல்லாரும் இதான் வாங்குறாங்க” என்றார் கடைப் பையன். வாங்கினேன். வீட்டுப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தால் 370 கிராம். பென்சில் பேட்டரியைவிடக் கொஞ்சம் பெரிதான 18650 செல் ஒன்றே 45 கிராமுக்கு மேல் இருக்கும். அந்த ஸ்டிக்கர் உண்மையானால் பத்து செல்லும் பிளாஸ்டிக் கூடும் சேர்ந்து 600ஐத் தாண்ட வேண்டும். நாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஒரு பக்கம் ஐந்து செல், மறுபக்கம் வெறும் பிளாஸ்டிக் தாங்கி. செல்களைத் தனித்தனியாகக் கவனிக்கும் ஒயரும் இல்லை. மளிகைக்கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “காத்தடைச்ச சிப்ஸ் பாக்கெட் மாதிரில்ல இருக்கு” என்றார். ‘48 வி’, ‘88 வி’ என்று பெரிய எழுத்தில் போட்டு விற்பவையும் இந்த ஜாதிதான். ஐ.எஸ். 16046 என்ற இந்தியப் பாதுகாப்புத் தர எண்ணும் பில்லும் இல்லாமல் எதையும் தொடுவதில்லை என்று இப்போது வைத்திருக்கிறேன்.

செல் மாற்றுவது அவ்வளவு மோசமில்லை, ஆள் சரியாக அமைந்தால். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டுகிறாரா, சால்டரிங் இரும்பை செல் மேலேயே வைக்கிறாரா என்று நின்று பாருங்கள். இரண்டாவது என்றால் கிளம்பிவிடலாம், அந்தச் சூடு செல்லைக் கெடுக்கும். லேப்டாப் செல்லைப் போட்டால் டிரில் சுற்றும், கிரைண்டரில் மூச்சு வாங்கும். சில கம்பெனிகளின் பேட்டரிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு பழைய கோளாறை நினைவில் வைத்துக்கொண்டு, புது செல் போட்டாலும் சார்ஜ் ஏற விடாது. வாரண்டி முடிந்த பேட்டரிக்கு மட்டும் இந்த வழி.

மச்சான் கொண்டு வந்த பேட்டரியில் குறையில்லை. 5 ஏ.ஹெச். 90 வாட்-அவர்தான், விமானத்தின் 100 வாட்-அவர் வரம்புக்குள் அடங்கும். உதிரி என்பதால் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். கூடவே வந்த சார்ஜர்தான் வினை. அது 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது. நான் பின்புறம் படிக்காமல் நம் 230இல் செருகினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம், மீன் கருகிய மாதிரி வாடை. அதில் யாரைக் குறை சொல்ல?

சார்ஜரில் ஆம்பியரைப் பாருங்கள். பாஷின் ஜி.ஏ.எல். 18வி-20 என்பது 2 ஆம்பியர், 18வி-40 என்பது 4. முதலாவதில் 5 ஏ.ஹெச். ஏற இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. மக்கிட்டாவின் டி.சி.18ஆர்.சி. அதையே 45 நிமிடத்தில் முடிக்கும். உள்ளே விசிறி இருந்து பேட்டரிக்குள் காற்று ஊதும். ராத்திரி மட்டும் சார்ஜ் போடுபவருக்கு 2 ஆம்பியர் போதும். சைட்டில் வேலை நிற்கக் கூடாது என்றால், மூன்றாவது பேட்டரிக்குப் பதில் நல்ல சார்ஜர். மே மாத மதியத்தில் கிரைண்டரிலிருந்து கழற்றிய பேட்டரியை உடனே போட்டால் எந்த நல்ல சார்ஜரும் ஆறும்வரை காத்திருக்கும். ரிப்பேர் என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள்.

கடைசியில் ஒரு காம்போவும் 4 ஆம்பியர் சார்ஜர் ஒன்றும் எடுத்தேன். பிரித்த அந்த 370 கிராம் பேட்டரி இன்னும் பையில் கிடக்கிறது. யாராவது ‘கம்பேட்டிபிள்’ என்று ஆரம்பித்தால் எடுத்துக் காட்டுவேன்.