போக்கிமோன் கோ அக்கவுண்ட் காசுக்கு வாங்காதீர்கள்: கொழும்பில் விளையாடும் எல்லாருக்கும்

போக்கிமோன் கோ என்பது வெளியே நடந்து திரிந்து, போக்கிமோன் என்ற கற்பனை உயிரினங்களைப் போனில் பிடிக்கும் கேம். வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் அதில் லெவல் 40 வரை வளர்ந்த அக்கவுண்டை 30,000 ரூபாவுக்கு வாங்கினார். விற்றவர் காலி முகத்திடலுக்கு நேரில் வந்து, லொகின் பண்ணிக் காட்டி, ஜிமெயிலையும் பாஸ்வேர்டையும் கொடுத்தார். தம்பி அன்றைக்கே பாஸ்வேர்டையும் ரிகவரி நம்பரையும் (பாஸ்வேர்ட் மறந்தால் ஜிமெயிலை மீட்க உதவும் போன் நம்பர்) மாற்றினார். மூன்றாம் நாள் அக்கவுண்ட் போய்விட்டது. விற்றவரின் நம்பரும் வேலை செய்யவில்லை.

அக்கவுண்டை விற்றவர் இப்படித் திரும்ப எடுக்க இரண்டு வழி உண்டு. ரிகவரி நம்பரை மாற்றினாலும், விற்றவரின் பழைய நம்பருக்கே 7 நாள் வரை கூகுள், உள்ளே போக உதவும் கோட் அனுப்பக்கூடும். மற்றது இன்னும் மோசம். ஒரே கேம் அக்கவுண்டில் கூகுள், ஃபேஸ்புக், ஆப்பிள், ட்ரெய்னர் க்ளப் (போக்கிமோனின் சொந்த லொகின்) எல்லாவற்றையும் லொகின் வழிகளாக இணைக்கலாம். விற்றவர் தன் ஃபேஸ்புக்கைக் கழற்றாமல் விட்டால், ஜிமெயில் முழுக்க உங்கள் கையில் இருந்தும் பயனில்லை. அவர் ஃபேஸ்புக் வழியாக உள்ளே வந்து உங்கள் கூகுளைக் கழற்றிவிடுவார். பிறகு அதையே இன்னொருவருக்கு விற்பார். கேம் சப்போர்ட்டிடம் முறையிடவும் முடியாது. அக்கவுண்டை விற்பது, வாங்குவது இரண்டுமே விதிப்படி தடை.

அக்கவுண்ட் கையில் நின்றாலும் நிம்மதி இல்லை. "விகாரமகாதேவி பூங்காவில் நடந்து நடந்து வளர்த்தது" என்பார்கள். பிட்ஜி, ரட்டாட்டா மாதிரிச் சாதாரணப் போக்கிமோன்களின் பக்கத்தைத் திறந்து அடிப்பகுதியைப் பாருங்கள். பிடித்த இடமும் தேதியும் இருக்கும். ஒரே தேதியில் கொழும்பும் ஸ்பெயினின் ஸரகோஸாவும் மாறி மாறி வந்தால் அது போலி ஜிபிஎஸ், அதாவது வேறு ஊரில் இருப்பதாகப் போனை ஏமாற்றி விளையாடியது. (மற்றவரோடு மாற்றிக்கொள்ளும் ட்ரேடிலும், தூர இடத்துச் சண்டையில் இருந்த இடத்திலிருந்தே சேரும் ரிமோட் ரெய்டிலும் வந்தவை வெளிநாடு காட்டுவது இயல்புதான், அவற்றை வைத்து முடிவு செய்யாதீர்கள்.) போலி ஜிபிஎஸ் பிடிபட்டால் முதலில் 7 நாள் எச்சரிக்கை, அரிய போக்கிமோன் கண்ணிலேயே படாது. அடுத்தது 30 நாள் தடை. மூன்றாவது தடவை நிரந்தரமாக மூடுவார்கள். பழைய ஆள் செய்த தப்பு அக்கவுண்டோடு சேர்ந்தே உங்களிடம் வரும்.

ஏற்கெனவே காசு அனுப்பியவர்கள் சாட் முழுவதையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். விற்றவர் தன் மெசேஜ்களை அழிப்பார். ட்ரான்ஸ்ஃபர் சிலிப்பைப் பத்திரப்படுத்துங்கள். ஒன்லைன் ட்ரான்ஸ்ஃபர் சில விநாடிகளில் மறுபக்கம் சேர்ந்துவிடும் என்பதால் வங்கிக்கு உடனே அழையுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். பிறகு அந்த வங்கிக் கணக்கு இலக்கத்தோடு பொலிசில் முறைப்பாடு கொடுங்கள். விற்றவர் சொன்ன பெயர் பொய்யாக இருக்கலாம், ஆனால் கணக்கு யாரோ ஒருவரின் அடையாள அட்டையில்தான் திறக்கப்பட்டிருக்கும்.