ஜவ்வாது மலையில் ‘தனி இடம், சொந்த டென்ட்’ என்று விற்கிறார்கள், பணம் கட்டாதீர்கள். 11,800 ரூபாய் போச்சு

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 11,800 ரூபாய். இரண்டு டென்ட், நான்கு பேர், இரண்டு ராத்திரி. ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. டென்டைத் தரையோடு பிடித்து நிறுத்தும் முளை, அதாவது பெக், ஒன்றுகூட மண்ணில் இறங்கவில்லை.

ஆப்பின் பெயரைப் போடவில்லை, பதிவைத் தூக்கிவிடுவார்கள். ஹோம்ஸ்டே, ஃபார்ம்ஸ்டே, கேம்ப்சைட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பட்டியல் போடும் வகை ஆப். சென்னையிலிருந்து ஐந்து மணி நேர ஓட்டத்துக்குள் அமைதியான இடம் தேடுகிற எல்லோர் போனிலும் இந்த மாதிரி ஒன்று இருக்கும். இடத்தை எப்படித் தேடுவது, எப்படிச் சரிபார்ப்பது என்று கடைசியில் முழுசாக எழுதுகிறேன். முதலில் நடந்தது.

ரிசார்ட் தேடுகிறவன் இவர்களிடம் மாட்ட மாட்டான். நீச்சல் குளம் எங்கே, ஏசி இருக்கா, காலைச் சாப்பாட்டுக்கு என்ன என்று பத்துக் கேள்வி கேட்பான். ‘கரண்ட் வேண்டாம், கக்கூஸ் வேண்டாம், சமமா ஒரு மண் தரை இருந்தா போதும்’ என்று கேட்கிற நம்மைப் போன்றவர்கள்தான் மாட்டுவோம். ஒன்றுமே இல்லாத இடத்தை விற்கிறவனிடம் எது குறைகிறது என்று கேட்பது?

லிஸ்டிங்கில் போட்டிருந்தது இதுதான்: ஜவ்வாது மலை மேல் இருக்கும் ஜமுனாமரத்தூர் பக்கம் தனியார் நிலம், ஒரு நேரத்தில் ஒரே குழு, சொந்த டென்ட் (நாமே கொண்டுபோய்ப் போடுவது), சின்ன ஓடை, வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து 400 மீட்டர் நடை. டென்டுக்கு ஒரு ராத்திரி 1,900. இரண்டு டென்ட், இரண்டு ராத்திரி, 7,600. இதை ஆப் வழியாகக் கட்டியாயிற்று.

நம்பிக்கை வந்தது அதற்கப்புறம் வந்த போன்காலில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தவர் மாட்டப்போவதும் இதே இடத்தில்தான். ஹோஸ்ட், அதாவது இடத்துக்காரன், என்று பேசினவன் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “சார், உங்க ரெயின்ஃப்ளை எத்தனை எம்எம்?” என்று ஆரம்பித்தான். டென்டின் வெளித்துணி எவ்வளவு மழை தாங்கும் என்பதன் கணக்கு அது. 3,000 என்றதும், “அப்ப போதும். 1,500-ன்னா தார்ப்பாய் ஒண்ணு எடுத்துட்டு வாங்கன்னு சொல்லியிருப்பேன்” என்றான். “பாதி இடம் பாறை சார், பெக் இறங்காது. டென்டுக்கு நாலு கயிறு, மூணு மீட்டர்ல கூடுதலா வச்சுக்குங்க. சின்னக் கல்லுல சுத்தி, அதுக்கு முன்னாடி கயிறு மேல பெரிய கல்லை ஏத்திருங்க” என்றான். ஓடைக்கு 60 மீட்டராவது தள்ளிப் போடச் சொன்னான். பள்ளத்தில் போட்டால் ராத்திரி குளிர்காற்று சரிவில் இறங்கி அங்கேயே தேங்கும், விடியற்காலை டென்டுக்குள் தண்ணீர் சொட்டும் என்றான்.

அத்தனையும் சரி. ஒரு வார்த்தை தப்பில்லை. டென்ட் போடத் தெரிந்தவன், இடத்தையும் தெரிந்தவனாகத்தான் இருப்பான் என்று நினைத்தது நம் தப்பு. பாறையில் கயிறு கட்டும் வித்தையை வீடியோ பார்த்து யாரும் பேசலாம். அந்த நிலம் யாருடையது என்பதைச் சர்வே நம்பர் இல்லாமல் பேச முடியாது. அதை அவன் சொல்லவே இல்லை, நாமும் கேட்கவில்லை.

கூடவே ஒரு 20 வினாடி வீடியோ வந்தது. பச்சை டென்ட், பின்னால் மரங்கள், சில்வண்டுச் சத்தம் மட்டும். இப்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது: தரை முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஊசி ஊசியாகச் சருகு. பைன் மரச் சருகு! கொடைக்கானலிலும் ஊட்டியிலும் 2,000 மீட்டருக்கு மேலே நட்டு வளர்த்த மரம். ஜமுனாமரத்தூர் அதில் பாதி உயரம்கூடக் கிடையாது. அங்கே தரையில் கிடக்க வேண்டியது அகன்ற இலைச் சருகு. வருஷக்கணக்காக மலை மலையாகச் சுற்றுகிற நாலு பேர் அந்த வீடியோவைப் பார்த்தோம். நாலு பேர் காதும் சில்வண்டில் இருந்தது, ஒருத்தர் கண்ணும் தரையில் இல்லை.

இரண்டு நாள் கழித்து இரண்டாவது தவணை. “ஃபாரஸ்ட் பர்மிஷன் ஃபீஸ் தலைக்கு 700 சார், அது ஆப்ல வராது, நான் நேரா ரேஞ்சர் ஆபீஸ்ல கட்டணும்.” நாலு பேருக்கு 2,800. “குப்பை டெபாசிட் 1,400, திரும்பிப் போகும்போது குடுத்துருவோம்.” ஆக 4,200, தனி நபரின் யூபிஐ எண்ணுக்கு. ஸ்கேன் செய்ததும் திரையில் வந்த பெயர் பேசினவன் பெயர் இல்லை. கேட்டதற்கு, “அது வீட்டம்மா அக்கவுண்ட் சார்” என்றான். கட்டியாயிற்று. 7,600-ம் 4,200-ம் சேர்த்து 11,800.

அது தனியார் நிலம் என்றால் வனத்துறைக்கு எதற்கு அனுமதிக் கட்டணம்? அரசின் காப்புக்காடு என்றால் அதைத் தனியார் எப்படி ராத்திரி வாடகைக்கு விடுவான்? இரண்டும் ஒரே லிஸ்டிங்கில் இருக்கவே முடியாது. இந்த ஒரு வரி அன்றைக்குத் தோன்றியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

வெள்ளிக்கிழமை போளூரில் பெட்ரோல் போட்டு மலையேறும்போது மணி மூன்று. 3:10-க்கு வாட்ஸப்பில் புது லொகேஷன் பின், அதாவது மேப்பில் இடத்தைக் காட்டும் குறி: “லொகேஷன் கொஞ்சம் மாறியிருக்கு, இதை ஃபாலோ பண்ணுங்க.” தார் ரோடு முடிந்து மண் பாதையில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். பாதை ஓரத்தில் கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு அடித்த எல்லைக் குவியல், பக்கத்தில் தகரப் பலகை: காப்புக்காடு, அத்துமீறி நுழைபவர்கள் மேல் நடவடிக்கை. அந்த லொகேஷன் பின் காட்டிய புள்ளி பலகைக்கு உள்ளே 600 மீட்டர்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் வண்டியையும் மேலே கட்டியிருந்த மூட்டையையும் பார்த்துவிட்டு, “கூடாரம் போடவாப்பா வந்தீங்க? போன மாசமும் ஒரு வண்டி இப்பிடித்தான் வந்து நின்னுச்சு. உள்ள போவாதீங்க, ஃபாரஸ்ட் கார்டு வந்தா வண்டியப் புடிச்சிருவாரு” என்றார். போன மாசமும்! அப்படியென்றால் இது தவறிப்போன பின் இல்லை, தொழில்.

கூப்பிட்டால், “அங்க இன்னைக்கு ரவுண்ட்ஸ் இருக்கு சார், நம்ம இன்னொரு ப்ராப்பர்ட்டிக்கு வந்துருங்க, அதே ஃபீல்தான்” என்றான். போய்ப் பார்த்தோம். அறுவடை முடிந்த சாமைக் காட்டில் வரிசையாக 22 டென்ட். ஒரு ஜெனரேட்டர், இரண்டு ஹாலோஜன் விளக்கு, ஆளுயர ஸ்பீக்கர், 22 டென்டுக்கு இரண்டு கழிப்பறை. டென்டுகளை அடித்திருந்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். அடியில் விரித்த தார்ப்பாய் டென்டை விட ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மழை வந்தால் ஃப்ளையில் வழிகிற தண்ணீரை அதுவே பிடித்து டென்டுக்கு அடியில் அனுப்பும். தார்ப்பாய் எப்போதும் டென்ட் தரையை விட நாலு விரல் உள்ளே மடங்கி இருக்க வேண்டும். பெக்குகளை நேராகக் குத்தியிருந்தார்கள், சாய்த்து அடிக்காத பெக்கை ஒரு காற்று பிடுங்கும். காடு முழுக்க வாய்க்கால் தடம் தெரிந்தது, அதாவது மழைத்தண்ணீர் ஓடும் வழியிலேயே வரிசை. பெக்கைப் பற்றி போனில் எனக்கு வகுப்பெடுத்தவனின் இடம் இது.

தங்கவில்லை. திருவண்ணாமலைக்கு இறங்கி லாட்ஜில் படுத்தோம். அந்தச் செலவு 11,800-ல் சேர்த்தி இல்லை.

அதற்குப் பிறகு தட்டிக்கழித்த கதை. அவனிடம் கேட்டால், “ஃபாரஸ்ட் ஃபீஸ் கட்டியாச்சு சார், அது கவர்ன்மென்ட் பணம், திரும்ப வராது.” ரசீது எங்கே? “ரேஞ்சர் ஆபீஸ்ல திங்கக்கிழமை குடுப்பாங்க.” எந்த ரேஞ்ச்? பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணியிலிருந்து அவன் முகப்புப் படம் மறைந்துவிட்டது, மெசேஜுக்கு ஒற்றை டிக் மட்டும். பிளாக்.

ஆப்பின் கஸ்டமர் கேர் இதைவிட மேல். முதல் பதில்: “தங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்.” இரண்டாவது: “ஹோஸ்ட் உங்களுக்கு மாற்று இடம் வழங்கியதாகத் தெரிவித்துள்ளார், நீங்களே தங்க மறுத்துள்ளீர்கள்.” அதாவது அந்த ஸ்பீக்கர் மைதானம்தான் மாற்று இடம்! மூன்றாவது: “4,200 ரூபாய் எங்கள் தளத்துக்கு வெளியே செலுத்தப்பட்டதால் நாங்கள் பொறுப்பல்ல.” சரி, 7,600 உங்கள் தளத்துக்குள்தானே கட்டினேன்? “நாங்கள் இணைப்பாளர் மட்டுமே.” நான்காவது, 500 ரூபாய் கூப்பன், 90 நாளில் பயன்படுத்த வேண்டுமாம். எழுதிப் போட்ட ரிவ்யூ ‘விதிமுறைக்குப் பொருந்தவில்லை’ என்று வெளியாகவில்லை. அந்த லிஸ்டிங்கில் ஏன் 4.8 ஸ்டார் என்று இப்போது புரிகிறதா? 11,800 ரூபாய்க்கு 500 ரூபாய் கூப்பன்.

இனி சொன்னபடி தேடும் முறை. முழுசாக எழுத உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, அதனால் முக்கியமானதை மட்டும்.

தமிழ்நாட்டில் காட்டுக்குள் நாமாகப் போய் டென்ட் போட்டுத் தங்கும் உரிமை யாருக்கும் இல்லை. காப்புக்காட்டுக்கு 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டம், சரணாலயம் என்றால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்த பிறகு மலையேற்றத்துக்கே தனி விதி வந்தது. 2024-ல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் முன்பதிவு அரசு இணையதளத்தில், வழிகாட்டியோடு, பகலில் ஏறிப் பகலில் இறங்குவதற்கு. தீக்காலத்தில் அந்தப் பாதைகளையும் மூடிவிடுவார்கள். ‘ஃபாரஸ்ட் உள்ள, நைட் ஸ்டே, கேம்ப்ஃபயரோட’ என்று எவனாவது சொன்னால் போனை வையுங்கள்.

ஆக மிச்சம் இருப்பது பட்டா நிலம். காட்டை ஒட்டிய தோப்பு, மானாவாரிக் காடு, மலைக்கிராமத்து மேட்டு நிலம். அமைதியான இடம் இவற்றில்தான் கிடைக்கும். பணம் கட்டும் முன் சர்வே நம்பரும் உட்பிரிவும் கேளுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம் போட்டு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் பட்டா யார் பெயரில் என்று நீங்களே பார்க்கலாம், புறம்போக்கா என்றும் தெரியும். சர்வே நம்பர் தர மறுப்பவனிடம் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கூடாது.

லொகேஷன் பின்னை முன்கூட்டியே வாங்கி சேட்டிலைட் படத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கிலோமீட்டருக்குள் கல்குவாரி இருந்தால் லாரி ஓடும். கோயில் இருந்தால், ஆடி மாசம் என்றால், விடியற்காலை 5 மணிக்குக் குழாய் ஸ்பீக்கர். அதைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் ஊர். நாம்தான் தேதி பார்த்துப் போக வேண்டும். ஓடை வளைவின் உள்பக்கம் மணல் திட்டு தெரிந்தால் அங்கே டென்ட் போடச் சொல்வார்கள், பார்க்க அழகாக இருக்கும். மேலே மழை பெய்தால் முதலில் மூழ்குவது அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கமே வேண்டாம்.

வாட்ஸப்பில் லைவ் வீடியோ கேளுங்கள். கேமராவைத் தரையில் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் சுற்றிலும் ஒரு சுற்று. பதிவு செய்த வீடியோ செல்லாது. மண் நிறமும் சருகும் பொய் சொல்லாது.

தனி நபர் யூபிஐ-க்கு ‘ஃபாரஸ்ட் ஃபீஸ்’ என்று எதையும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். தாமதமில்லாமல் சொன்னால் எதிர்க்கணக்கில் பணம் எடுக்கப்படுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. நான் ‘திங்கக்கிழமை ரசீது வரும்’ என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன். பணம் அனுப்பியதற்கான 12 இலக்க யூடிஆர் எண்ணையும் சாட் ஸ்கிரீன்ஷாட்டையும் பிளாக் ஆவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். ஆப் மேல் புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. 7,600-க்கு அங்கேதான் போகப்போகிறேன். 4,200-க்கு 1930-ல் ஒப்புகை எண் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதை எழுதி முடித்துவிட்டு அந்த லிஸ்டிங்கை ஒருமுறை திறந்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது. அதே பைன் சருகு, அதே பச்சை டென்ட், ‘இந்த வாரம் 3 பேர் பதிவு செய்தார்கள்’. டென்டுக்கு 1,900 இருந்ததை 2,100 ஆக்கியிருக்கிறான்.