பூனையின் தெள்ளுப்பூச்சிக்கு எது நல்லது: வேப்பெண்ணெயா, பவுடரா, சொட்டு மருந்தா?

பூனை வாலடியையும் பிடரியையும் ஓயாமல் கடித்துச் சொறிகிறது. முடியை விலக்கினால் தோலெங்கும் கடுகளவு பொருக்குகள். பெரும்பாலும் தெள்ளுப்பூச்சிதான் காரணம். பேன் சீப்பால் வாரி, உதிரும் கருந்துகளை ஈரமான வெள்ளைத் துணியில் போடுங்கள். செந்நிறம் கசிந்தால் அது பூச்சியின் எச்சம். பூனையிடம் குடித்த இரத்தம்தான் அப்படிக் கரைகிறது.

எந்த மருந்தானாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்று: பூனை நாள் முழுவதும் தன் உடம்பை நக்கும். தோலில் பூசியது வயிற்றுக்குள் போகும். அதனால்தான் வேப்பெண்ணெயை நான் ஏற்பதில்லை. நக்கினால் எச்சில் ஒழுகும், வாந்தி வரும், நடுக்கமும் வரலாம். கற்பூரம் கலந்த எண்ணெய் இன்னும் கொடியது. மஞ்சள் பூசினால் பூச்சி சாகாது. பூனை மஞ்சளாவதுதான் மிச்சம்.

நாய்க்கு வாங்கிய பவுடரையோ சொட்டு மருந்தையோ பூனைக்கும் கொஞ்சம் போடுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை முறித்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. உடல் நடுங்கி, வலிப்பு வந்து, உயிரே போகலாம். தெரியாமல் போட்டுவிட்டால் பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். இதில் காத்திருந்து பார்ப்பது கூடாது.

பூனைக்கென்றே வரும் ஃபிப்ரோனில், செலமெக்டின் சொட்டு மருந்துகளே என் தேர்வு. நாக்கு எட்டாத பிடரியில், முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். பெரும்பாலும் மாதம் ஒரு முறை. செலமெக்டின் காதுச் சிற்றுண்ணியையும் ஒழிக்கும். விலை கூடுதல்தான். வயதும் எடையும் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவையே வாங்குங்கள்.

மருந்து போட முடியாத பிஞ்சுக் குட்டிகளுக்குச் சீப்புதான் கதி. வாரி எடுத்த பூச்சிகளைச் சோப்பு நீரில் போட்டால் சாகும். ஆனால் சீப்பில் சிக்குவது வளர்ந்த பூச்சி மட்டுமே. பெண் பூச்சி நாளுக்குப் பத்துக்கணக்கில் இடும் முட்டைகள் உதிர்ந்து பாயிலும் சோபா இடுக்கிலும் பொரிக்கின்றன. அதனால் படுக்கைத் துணிகளை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்து, மூலைமுடுக்கைப் பெருக்க வேண்டும். தரைக்குப் பினாயில் வேண்டாம். பாதத்தில் ஒட்டி, நக்கும்போது உள்ளே போகும்.

சொறி இல்லாமல் வட்டவட்டமாக முடி கொட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம். குழந்தைகளுக்கும் தொற்றும் என்பதால் வீட்டு வைத்தியம் தேடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சொட்டு மருந்து போட்ட பிறகும் சில வாரங்கள் புதிய பூச்சிகள் தென்படும். மருந்து தோற்றுவிட்டதென்று நிறுத்திவிடாதீர்கள். கூட்டுப்புழுக்கள் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து வெளிவரும் என்பதால், குறைந்தது 3 மாதங்களாவது விடாமல் போடுங்கள். வீட்டில் வேறு பூனையோ நாயோ இருந்தால் அவற்றுக்கும் அதே நாளில் அவற்றுக்குரிய மருந்தைப் போடுங்கள்.