வீட்டு வேலைக்கு சிங்கப்பூர் வந்தவங்களுக்கு பட்டன் போன்: ஒரு வருஷம் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

போன் கம்பெனி பேரு போடல, என் பேரும் போடல. என் டச் போன வந்த அன்னிக்கே மேடம் வாங்கி வச்சுக்கிட்டாங்க, ராத்திரி அரை மணி நேரம் தருவாங்க, அதுவும் ஹால்ல உக்காந்து தான் பேசணும். ஊர்ல அம்மாகிட்ட "நல்லா இருக்கேன்மா"ன்றத தவிர வேற என்ன பேச முடியும்?

2023 ஜனவரியிலேருந்து மாசத்துக்கு ஒரு நாளாவது கண்டிப்பா லீவு விடணும், காச குடுத்து அத கழிக்கக்கூடாதுன்னு ரூல் வந்துச்சுல்ல, அப்படி வெளிய வந்த மொத லீவுல லிட்டில் இந்தியால தேக்கா பக்கம் போய் வாங்குனது தான் இந்த போன். ஊர்லேருந்து பழைய பட்டன் போன் தூக்கிட்டு வராதீங்க, இங்க 2ஜி 2017லயே நிறுத்திட்டாங்க, 4ஜில கால் போகுமான்னு கடையிலேயே சிம் போட்டு பாத்துட்டு வாங்குங்க. சிம்முக்கு ஒர்க் பெர்மிட் கார்டு கேப்பாங்க. கார்டும் பாஸ்போர்ட்டும் நம்ம கையில தான் இருக்கணும், மொதலாளி வாங்கி வச்சுக்கக்கூடாது, அது இங்க சட்டம்.

சார்ஜ் மூணு நாள் தாராளமா நிக்குது. இயர்போன் சொருகுனா எஃப்எம்ல இங்க உள்ள தமிழ் ரேடியோ ஒலி 96.8 க்ளியரா வருது, அயர்ன் பண்ற நேரம் ஒரு காதுல மட்டும் மாட்டிக்குவேன், மேடம் கூப்ட்டா மொத தடவ கேக்காது, ரெண்டாவது தடவ தான் கேக்கும் :)

எதுத்த பிளாக்ல நம்ம பட்டுக்கோட்ட பக்கத்து அக்கா ஒருத்தங்க வேல பாக்குறாங்க. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல துணி காயப்போடுவோம், அந்த பத்து நிமிஷம் தான் எங்க கால் டைம், இப்பல்லாம் எங்க வீட்ல துணி காயப்போட இருவது நிமிஷம் ஆகுது. ஜன்னல் வெளிப்பக்கம் தொடைக்க சொன்னா கிரில் பூட்டி இருக்கணும், பெரியவங்க யாராவது பக்கத்துல நிக்கணும்னு அவங்க தான் ஞாபகப்படுத்துனாங்க. வந்த புதுசுல ஒரு நாள் கிளாஸ்ல சொன்னது தான், பயத்துல எனக்கு மறந்தே போச்சு. அடுத்த வாரம் மேடம் ஜன்னல் தொடைக்கிற துணிய நீட்டுனப்ப, "சரிங்க மேடம், கிரில் சாவி குடுங்க, நீங்களும் வந்து நில்லுங்க"ன்னேன். வெயில்ல வந்து நிக்க அவங்களால முடியல. அதுக்கப்புறம் உள்பக்கம் மட்டும் தான்.

கொறன்னு சொன்னா கீபேட் சத்தம், வாங்குன ஒடனே சைலன்ட்ல போட்டுருங்க. டார்ச் பட்டன் கை பட்டாலே எரியுது, ஒரு ராத்திரி போர்வைக்குள்ள பளிச்சுன்னு எரிஞ்சு எனக்கு உசுரே போயிருச்சு.

நாலு ஸ்டார். கலர் மட்டும் கருப்பா பாத்து வாங்குங்க, நான் வாங்குனது செவப்பு, அரிசி டின்ல வச்சா பளிச்சுன்னு தெரியுதுன்னு இப்போ மொளகாப் பொடி டப்பாக்கு பின்னாடி வச்சுருக்கேன்.