காரைக்குடிப் பக்கம் ஃபேன் பெல்ட் வாங்குவோர் கவனத்துக்கு: உறை ஒன்று, உள்ளே இருப்பது வேறு

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை வட்டாரத்தில் பழைய வண்டி வைத்துக்கொண்டு சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பேர் போன கம்பெனியின் உறையில் போட்டு போலி பெல்ட் விற்கிறார்கள். முழு விலை கொடுத்து இரண்டு வாங்கினேன், இரண்டுமே போலி. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ இங்கே போடவில்லை. அந்தச் சரக்கு அந்த ஒரு கடைக்கு மட்டும் வந்திருக்கும் என்றும் தோன்றவில்லை. அதனால் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வண்டி அப்பச்சி வாங்கிய அம்பாசிடர் 1800 ஐஎஸ்இசட். இசுசு பெட்ரோல் இன்ஜின், ஏசி பிறகு பொருத்தியது. முன்னால் இரண்டு பெல்ட் ஓடும். ஒன்று ஏசி கம்ப்ரசருக்கு. இன்னொன்று கிராங்க் புல்லியிலிருந்து (இன்ஜின் நேராகச் சுழற்றும் பள்ளம் வைத்த சக்கரம்) வாட்டர் பம்ப், ஃபேன், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் மூன்றையும் சுற்றுவது. ஏசி பெல்ட் அறுந்தால் வியர்க்கும், அவ்வளவுதான். ஃபேன் பெல்ட் அறுந்தால் கதை வேறு. பேட்டரி சார்ஜ் ஏறாது, தண்ணீர் ஓடாது, ஃபேனும் நின்றுவிடும். கவனிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டினாலே சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போய்விடும், சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடலாம். சில நூறு ரூபாய் ரப்பரில் செய்யும் போலி ஒரு இன்ஜினையே காவு வாங்கக்கூடியது. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

பழைய பெல்ட்டுகளின் உள்பக்கம் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. மாற்றுவது பெரிய வேலை இல்லை. அம்பாசிடரில் பானெட்டைத் தூக்கினால் கை போக இடம் தாராளமாக இருக்கும். பேட்டரி நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, முதலில் ஏசி பெல்ட்டை எடுத்தேன். அப்புறம் ஆல்டர்னேட்டரின் கீழ்ப் போல்ட்டையும் மேலே நீளத் துளையில் இருக்கும் அட்ஜஸ்ட் போல்ட்டையும் தளர்த்தி, இன்ஜின் பக்கம் தள்ளி, ஃபேன் இறக்கைகள் மேலாக ஃபேன் பெல்ட்டை வெளியே எடுத்தேன். புல்லிகளின் பள்ளத்தைத் துணியால் துடைத்து, துரு இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தேன். ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டி, வாட்டர் பம்ப் பேரிங்கில் லூஸ் இல்லை என்று உறுதி செய்தேன். மூன்று புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று நீள ஸ்கேல் வைத்தும் பார்த்தாயிற்று. புது பெல்ட்டை மாட்டி, மரக் கம்பால் ஆல்டர்னேட்டரை நெம்பிப் பிடித்து, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 மில்லிமீட்டர் அளவு இறங்கும்படி இறுக்கினேன். பெல்ட்டின் மேல்முகம் புல்லி விளிம்போடு சமமாக நின்றது. இதையெல்லாம் இவ்வளவு விவரமாகச் சொல்லக் காரணம், கடைக்காரர் பின்னால் சொன்ன பதில்.

வாங்கிய அன்று கடைக்காரரிடம் பில் கேட்டேன். ‘கம்ப்யூட்டர் வேலை செய்யலண்ணே, சாயந்தரம் வாட்ஸ்அப்ல அனுப்பிடுறேன்’ என்று சொல்லி, வெள்ளைத் துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார். பணத்தை யூபிஐ-யில் அனுப்பியிருந்தேன். அந்தப் பில் கடைசி வரை வரவில்லை.

கொஞ்ச நாளிலேயே காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஏசி பெல்ட் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. டென்ஷன் சரியாகத்தான் இருந்தது. ஆனால் புல்லியைச் சுற்றிக் கறுப்புத் தூள் படிந்திருந்தது. கடையில் போய்ச் சொன்னதற்கு, ‘புது பெல்ட்டு அப்படித்தாண்ணே கத்தும், இதை அடிங்க’ என்று பெல்ட் வழுக்காமல் இருக்க அடிக்கும் பெல்ட் டிரஸ்ஸிங் டப்பா ஒன்றை எடுத்து நீட்டினார். அதற்கும் காசு. நான் வாங்கவில்லை. அதை அடித்தால் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும், பிசுபிசுப்பில் தூசியும் ஒட்டும். பெல்ட் எதனால் வழுக்குகிறதோ அந்தக் காரணம் அப்படியேதான் இருக்கும். மாற்றித் தாருங்கள் என்றேன். கம்பெனி ஆள் வரும்போது கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஏசியைப் போடாமல் ஓட்டுங்கள் என்றும் யோசனை சொன்னார். அப்படியே ஓட்டினேன். ஃபேன் பெல்ட்டில் அதுவரை சத்தமோ வெடிப்போ இல்லை.

ஆத்தாவைக் கண் பரிசோதனைக்குத் திருச்சி கூட்டிப்போய்த் திரும்பும்போது, திருமயத்துக்கு முன்னால் சார்ஜ் சிவப்பு லைட் எரிந்தது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். வெப்ப முள் அதற்குள் பாதியைத் தாண்டி ஏறியிருந்தது. பானெட்டைத் திறந்தால் ஃபேன் பெல்ட் இரண்டு துண்டாகக் கிடக்கிறது, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து. நல்ல உச்சி வெயில். கண்ணில் மருந்து விட்டுக் கூச்சத்தோடு இருந்த எண்பது வயது மனுஷியை ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு வாடகைக் காருக்குக் காத்திருந்தோம். ரேடியேட்டர் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதால் அதன் பக்கமே போகவில்லை. வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தோம். லைட் எரிந்ததும் நிறுத்தியதால் இன்ஜின் பிழைத்தது.

அறுந்த பெல்ட்டோடு கடைக்குப் போனேன். அவர் அதைக் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. ‘யார் மாட்டுனது? வீட்லயா? அதாண்ணே. டைட் வைக்கத் தெரியாம மாட்டுனா அறுந்துதான் போகும். ரப்பர் சாமானுக்கு வாரண்டியும் கிடையாது’ என்றார். கடையில் நின்ற மற்றவர்கள் முன்னால், சத்தமாக. வீட்டில் மாட்டுகிறவர்களுக்கு எப்போதும் கிடைக்கிற பதில் இதுதான். பொருள் கெட்டால் மாட்டியவன் குற்றம், மெக்கானிக் மாட்டியிருந்தால் வண்டியின் குற்றம். விற்ற பொருளை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

தேவகோட்டையில் அம்பாசிடரிலேயே காலம் கழித்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். பழைய பெல்ட், புது பெல்ட் எல்லாவற்றையும் அவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் புல்லியைத்தான் பார்த்தார். ‘தம்பி, பள்ளத்தோட அடி பளபளன்னு இருக்கு பாருங்க. பெல்ட்டு அடியில உட்கார்ந்து ஓடியிருக்கு’ என்றார். இந்த மாதிரி பக்கங்கள் சரிந்த பெல்ட்டை வி-பெல்ட் என்பார்கள்; அது புல்லியைப் பிடிப்பது இரண்டு பக்கச் சரிவுகளில்தான், அடியில் படவே கூடாது. அடியில் பட்டால் வழுக்கும், சூடேறும், ரப்பர் கருகும். மாட்டியபோது விளிம்போடு சமமாக நின்ற பெல்ட், பக்கங்கள் தேய்ந்து உள்ளே இறங்கியிருக்கிறது. வெர்னியர் அளவுகோலில் அளந்தோம். பல வருஷம் ஓடிய பழைய பெல்ட்டைவிட இந்தப் புது பெல்ட்டின் அகலம் குறைவாக இருந்தது. அவ்வளவு சீக்கிரம் தேய்ந்த ரப்பர் எப்படிப்பட்ட ரப்பர் என்று அவரே கேட்டார்.

பிறகு இரண்டையும் பிளேடால் குறுக்கே வெட்டினார். பழையதில் நூல்கள் ஒரே வரிசையில், சம இடைவெளியில், ரப்பருக்குள் இறுகிப் பதிந்திருந்தன. புதியதில் நூல்கள் குறைவு, அவையும் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. இழுவையைத் தாங்குவது அந்த நூல்தான், ரப்பர் இல்லை. இறுக்கியதில் தப்பு இருந்திருந்தால் ஆல்டர்னேட்டர் பேரிங்கிலோ வாட்டர் பம்பிலோ தெரிந்திருக்கும் என்று இரண்டையும் சுற்றிப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்றார். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டும் கொடுத்தார். அந்த மனுஷருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

உறையின் படத்தையும் பெல்ட்டில் அச்சிட்டிருந்த எண்ணையும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினேன். அந்த எண் தங்கள் தயாரிப்பில் இல்லை என்று எழுத்தில் பதில் வந்தது.

இனி வாங்கும்போது கவனியுங்கள். பொட்டலத்தில் வரும் பொருளின் உறையில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் வருடமும், அதிகபட்ச விலையும், புகார் சொல்லத் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும் என்பது 2011 பொட்டலப் பொருள் விதி. எனக்குக் கிடைத்த உறையில் விலைச் சீட்டின் மேல் இன்னொரு விலைச் சீட்டு. உரித்துப் பார்த்தால் அடியில் மாதம், வருடம் இருக்க வேண்டிய இடம் வெறுமை. பெல்ட்டை உறையிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம். மேலே இருக்கும் எழுத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள், நல்ல அச்சு கையோடு வராது. ஒரே எண்ணில் இரண்டு பெல்ட் இருந்தால் ஆணியில் சேர்த்து மாட்டிப் பாருங்கள், நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். மேஜையில் வைத்தால் முறுக்கிக்கொள்ளாமல் படிய வேண்டும். பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோய் அகலத்தை ஒப்பிட்டுவிடுவது இன்னும் நல்லது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுபோனதால் ‘இதுதான் கிடைக்கும், வேற வராது’ என்று சொல்வார்கள். பெல்ட்டைப் பொறுத்தவரை அது பொய். பெல்ட்டுக்கு வண்டிப் பெயர் முக்கியமில்லை, அகலமும் நீளமும்தான் கணக்கு. நான் இப்போது மாட்டியிருப்பது மதுரையில் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் அதே அளவு சொல்லி, ஜிஎஸ்டி பில்லோடு வாங்கியது. கத்தவும் இல்லை, தூளும் இல்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் அறுந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துண்டு, உறை, யூபிஐ ரசீது, கடைக்காரர் எழுதிய சீட்டு எல்லாவற்றையும் வைத்திருங்கள். கையில் பில் இல்லாத எனக்கு யூபிஐ ரசீதுதான் கை கொடுத்தது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். நான் பதிந்த பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது, பெல்ட் விலையை மட்டும் திருப்பித் தருகிறோம் என்று. ரெக்கவரி வண்டிக்கும் வாடகைக் காருக்கும் கொடுத்த காசையும் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். அதனால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். போலி வணிகக்குறி போட்ட சரக்கை விற்பது 1999 வணிகக்குறிச் சட்டப்படி ஆறு மாதத்திலிருந்து மூன்று வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் மனுவில் குறிப்பிட்டிருக்கிறேன்.

விலைச் சீட்டு மேல் சீட்டு ஒட்டிய உறை உங்கள் கையிலும் இருந்தால், பெல்ட்டை மாட்டுவதற்கு முன்பே படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பிக் கேளுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் வெளியூர் கிளம்பும் முன் பானெட்டைத் திறந்து, பெல்ட்டின் மேல்முகம் புல்லி விளிம்புக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் அன்றைக்கே கழற்றுங்கள். ஆணையத்தில் முடிவு வந்ததும் எழுதுகிறேன்.