ராத்திரி ஒன்றரை மணிக்குப் படம் கிடைக்குமா? ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, டிவிடி, கிளவுட்: ஓர் அலசல்

டெல்டாவில் கல்யாணப் படம் எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு போன் பழக்கம். ராத்திரி ஒன்றரை மணிக்கு வரும். "அண்ணே, அப்பா தவறிட்டாரு. தங்கச்சி கல்யாணத்துல பட்டு வேட்டியோட ஒரு படம் எடுத்தீங்களே, அது இருக்குமா? விடியறதுக்குள்ள பிளெக்ஸ் அடிக்கணும்." கல்யாணம் முடிந்து பதினோரு வருஷம் ஆகியிருக்கும். ஆல்பம் அவர்கள் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. அழுகிற வீட்டில் அதை யார் தேடுவது? வாட்ஸ்அப்பில் இருக்கிற படத்தை பிளெக்ஸ் கடைக்கு அனுப்புவார்கள். வாட்ஸ்அப் அதை ஏற்கெனவே சுருக்கிவிட்டிருக்கும். எட்டடி பிளெக்ஸில் அப்பாவின் முகம் கட்டம் கட்டமாக நிற்கும்.

மன்னார்குடியில் ஸ்டுடியோ ஆரம்பித்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. டேட்டாவை எதில் போட்டு வைப்பது என்று புதுப் பையன்கள் கேட்டால், நான் அந்த போனைத்தான் பரீட்சையாக வைக்கிறேன். படம் அழியாமல் இருக்க வேண்டும், அது ஒன்று. உடலை எடுக்கிற நேரத்துக்குள் கைக்கு வர வேண்டும், அது இன்னொன்று. கரண்ட் இல்லாத ராத்திரியாக இருந்தாலும் சரி. இரண்டிலும் முழுசாகத் தேறுகிற சாமான் எந்தக் கடையிலும் இல்லை.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல், அதாவது கேமரா பதப்படுத்தாமல் கொடுக்கும் மூலப்படம், 25 முதல் 30 எம்பி வரும். மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம், ரிசப்ஷன் எல்லாம் சேர்ந்து 3,500 கிளிக் என்றால் படம் மட்டுமே 100 ஜிபி. வருஷத்துக்கு இருபத்தைந்து கல்யாணம் என்றால் இரண்டரை டிபி. வீடியோ கணக்கு தனி. பென் டிரைவெல்லாம் இந்த ஆட்டத்தில் சேர்த்தியே இல்லை. அது கொண்டு போய்க் கொடுக்கத்தான், வைத்துக்கொள்வதற்கு அல்ல.

ஹார்ட் டிஸ்க்கும் எஸ்எஸ்டியும்

டிபி கணக்கில் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்தான் மலிவு. 4 டிபி கையடக்க டிஸ்க் நான் கடைசியாக வாங்கியபோது 10,000 ரூபாயை ஒட்டி இருந்தது. லேப்டாப்பின் யுஎஸ்பியிலேயே ஓடிவிடும், தனி அடாப்டர் வேண்டாம். கரண்ட் போன ராத்திரியில் இது பெரிய விஷயம். ஆனால் உள்ளே தட்டு சுழல்கிறது. தட்டுக்கும் அதைப் படிக்கிற ஹெட்டுக்கும் நடுவே சில நானோமீட்டர்தான் இடைவெளி. ஓடும்போது மேசையிலிருந்து விழுந்தால் கதை முடிந்தது.

இன்னொரு எதிரி எக்ஸ்ஃபேட், டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறைகளில் ஒன்று. மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓடட்டும் என்று பாதிப் பேர் டிஸ்க்கை அந்த ஃபார்மட்டில்தான் வைத்திருக்கிறார்கள். காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலோ கேபிளைப் பிடுங்கினாலோ அது எளிதில் குழம்பிவிடும். விண்டோஸ் மட்டும்தான் என்றால் என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மட் நல்லது. லோ வோல்டேஜ் ஊரில் டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லாமல் காப்பி போடுவதும், குடை இல்லாமல் கார்த்திகை மாசத்தில் கடைத்தெருவுக்குப் போவதும் ஒன்றுதான்.

எஸ்எஸ்டி சிப்பில் சேமிக்கிற டிரைவ், அதில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. விழுந்தாலும் தாங்கும், வேகமும் அதிகம். அதனால் பழைய கல்யாணங்களை எல்லாம் எஸ்எஸ்டிக்கு மாற்றி பீரோவில் பூட்டி வைக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதில்தான் ஒப்புதல் இல்லை. எஸ்எஸ்டி டேட்டாவை மின்னேற்றமாகப் பிடித்து வைத்திருக்கிறது. கரண்ட் கொடுக்காமல் கிடந்தால் அது மெல்லக் கசியும். ஜெடெக் என்ற தர அமைப்பின் கணக்கில், எழுதி எழுதி ஆயுள் தீர்ந்துபோன சாதாரண எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரி சூட்டில் ஒரு வருஷம் டேட்டாவைக் காத்தால் போதும். புது டிரைவ் இதைவிட நெடுநாள் தாங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சூடு ஏற ஏற இந்தக் காலம் குறையும். சித்திரை வெயிலில் தகர ஷீட் போட்ட மாடி பீரோவுக்குள் 30 டிகிரியா இருக்கிறது? வேலை ஓடுகிற படங்களுக்கு எஸ்எஸ்டி, முடிந்த படங்களுக்கு ஹார்ட் டிஸ்க். என் ஸ்டுடியோவில் அப்படித்தான்.

கஜா நடத்திய சோதனை

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் மாடி ஷீட் பறந்து, பீரோவுக்குள் மழை ராத்திரி முழுக்க இறங்கியது. அதில் ஒரே கல்யாணங்களின் இரண்டு காப்பி, இரண்டு டிஸ்க்காக, ஒரே தட்டில், பக்கத்தில் பக்கத்தில். "ரெண்டு காப்பி வச்சிருக்கேன்" என்று அதுவரை எல்லாரிடமும் பெருமை அடித்திருந்தேன்.

ஒன்றை வெயிலில் காய வைத்தேன். மூன்றாம் நாள் பக்கத்து மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடியது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொருகினேன். அம்மியில் மணலைப் போட்டு அரைத்த மாதிரி ஒரு சத்தம், அப்புறம் அமைதி. ஹார்ட் டிஸ்க் மூடியில் சின்னதாக ஓர் ஓட்டை இருக்கும், காற்றழுத்தம் சமமாவதற்காக. ஹீலியம் அடைத்த பெரிய டிஸ்க்குகளில்தான் அது கிடையாது. அழுக்குத் தண்ணீர் அந்த வழியாகப் போய், காய்ந்து, தட்டில் படிவாக நின்றிருக்கிறது. அதன் மேல் ஹெட்டை நான்தான் ஓடவிட்டேன்.

இன்னொன்றைச் சொருகவில்லை, பயம். ஒரு ரெக்கவரிக்காரர் போனிலேயே, "காய வைக்காதீங்க, ஈரத்தோட பாலித்தீன்ல கட்டி அனுப்புங்க" என்றார். பெரும்பாலான படங்கள் திரும்பி வந்தன. அவர் வாங்கிய காசுக்கு நாலு புது டிஸ்க் வாங்கியிருக்கலாம். இரண்டும் ஒரே மாடல், ஒரே மழை. ஒன்றைக் கொன்றது மழையல்ல, என் அவசரம்.

நெல் விளைகிற ஊர் என்பதாலோ என்னவோ, நனைந்த போனை அரிசி மூட்டையில் புதைக்கும் வைத்தியம் இங்கே ரொம்பப் பிரசித்தம். டிஸ்க்குக்கு அதைச் செய்யாதீர்கள். தவிடு தூசிதான் மிச்சம். ஈரக் காற்றுக்கு மருந்து சிலிக்கா ஜெல். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு என்று பொடித்து முடிச்சாகக் கட்டி வைப்பார்களே, அந்த மாதிரி என் டிஸ்க் டப்பாக்களில் ஜெல் பொட்டலம் கிடக்கிறது. நீலமாக இருக்கும் ஜெல் ரோஸ் நிறமாக மாறினால் அது ஈரம் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். சூடுகாட்டிக் காய வைக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் அந்தப் பொட்டலம் வெறும் அலங்காரம்.

டிவிடி, டேப், நாஸ்: சுருக்கமாக

டிவிடி 4.7 ஜிபி. ஒரு கல்யாணத்துக்கே இருபத்திரண்டு தட்டு. எழுதும் டிவிடியில் இருப்பது சாயம், அது வெளுக்கும். படிக்க டிரைவ் உள்ள லேப்டாப்பே இப்போது கடையில் அரிது. எம்-டிஸ்க் என்று கல் மாதிரியான ஒரு தட்டு வந்தது. ஆயிரம் வருஷம் தாங்கும் என்று விளம்பரம் செய்தார்கள். அதைக் கொண்டுவந்த மில்லெனியாட்டா கம்பெனி 2016-லேயே திவாலாகிவிட்டது. தட்டு நல்ல தட்டுதான், இப்போதும் வேறு கம்பெனி பெயரில் கிடைக்கிறது. ஆனால் 100 ஜிபி தட்டின் விலையைப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்துவிட்டேன்.

எல்டிஓ டேப், அதாவது டேட்டாவைப் பதியும் காந்த நாடா, சினிமாக்காரர்களுக்கும் வங்கிகளுக்கும். எல்டிஓ-9 நாடா ஒன்றில் 18 டிபி, முப்பது வருஷம் தாங்கும் என்கிறார்கள். நாடா மலிவு, அதை ஓட்டுகிற டிரைவ் லட்சக் கணக்கில். மாவட்டத்து ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கினால் உண்டு. நாங்கள் தீபாவளி சீட்டையே ஒழுங்காகச் சேர்ந்து கட்டுவதில்லை.

நாஸ் என்பது நெட்வொர்க்கில் எல்லாரும் பகிர்கிற டிஸ்க் பெட்டி. அதில் இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் எழுதும்படி ரெய்டு வைத்தால், ஒன்று செத்தாலும் இன்னொன்று ஓடும். நாலு பேர் எடிட் செய்கிற இடத்துக்கு வசதி. ஆனால் தவறி ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும், ரான்சம்வேர் என்ற பணம் பறிக்கும் வைரஸ் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பூட்டும். ஷீட் பறந்தால் இரண்டும் சேர்ந்து நனையும். ரெய்டு என்பது கடை மூடாமல் இருக்க ஓர் ஏற்பாடு. அதை பேக்கப் என்று விற்கிறார்கள்.

கிளவுட்டா, அக்கா வீடா

மூன்று காப்பி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில்: அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இது. இதில் 'வேறு இடம்' என்பதைத்தான் நம் ஆட்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கஜாவுக்குப் பிறகு என் நண்பர் இரண்டாவது டிஸ்க்கைப் பட்டுக்கோட்டை மச்சான் வீட்டில் வைத்தார். கஜா பட்டுக்கோட்டையையும் விடவில்லையே! திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று மேற்கே போன புயல் அது. வேறு வீடு போதாது, வேறு புயல் வேண்டும். என் டிஸ்க் ஈரோட்டில் அக்கா வீட்டில் இருக்கிறது. காவிரி எங்களிடம் வருவதற்கு முன் அவளைத் தாண்டித்தான் வருகிறது. ஆடிப்பெருக்குக்கு அவள் வரும்போது பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்து புதியதை எடுத்துப் போவாள். பொங்கலுக்குச் சீர் கொண்டு நான் போகும்போது மறுபடி மாற்று. செலவு இல்லை, மாத வாடகை இல்லை. குறை ஒன்றுதான்: நடுவில் ஆறு மாதக் கல்யாணங்கள் அவளிடம் இருக்காது.

அந்த ஓட்டையைக் கிளவுட், அதாவது இன்டர்நெட் வழியாக வேறொரு கம்பெனியின் சர்வரில் வைப்பது, அடைக்கிறது. எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமே என்றால், கணக்குப் போடுங்கள். நொடிக்கு 20 மெகாபிட் அப்லோடு கிடைத்தால் ஒரு கல்யாணத்தின் 100 ஜிபிக்குப் பதினோரு மணி நேரம். 2 டிபிக்கு ஒன்பது நாளுக்கு மேல், இரவு பகல் விடாமல். கேபிள்காரர் வயரை லாரி இழுத்துக்கொண்டு போகாத ஒன்பது நாள்!

அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ் மாதிரி குளிர்சேமிப்பும், அதாவது அடிக்கடி எடுக்காத டேட்டாவுக்கான கிளவுட்டும் உண்டு. உள்ளே போட மிக மலிவு, வெளியே எடுக்கத்தான் காசு. அதோடு, கேட்டால் கையில் கொடுக்கப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகும். ஒன்றரை மணிக்குக் கேட்டால் மத்தியானம் வரும். அதற்குள் உடலை எடுத்துவிடுவார்கள். என் பரீட்சையில் பூஜ்யம்.

கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் இலவச அளவில்லாச் சேமிப்பை நிறுத்தியது. இப்போது மெயில், டிரைவ் எல்லாவற்றோடும் சேர்த்து 15 ஜிபிதான் இலவசம். நான் கடைசியாகக் கட்டியபோது 2 டிபிக்கு வருஷம் 6,500 ரூபாய். ராவை ஏற்றுவதில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் எடிட் முடித்த 300 ஜேபெக் படம் மட்டும், சுமார் இரண்டரை ஜிபி. இருபத்தைந்து கல்யாணத்துக்கு 60 ஜிபிக்கு மேல் கொஞ்சம், இந்த இடம் முப்பது வருஷம் போதும். இன்னொரு பழக்கமும் வந்திருக்கிறது. பந்தியில் கை அலம்பி வரும் பெரியவர்களை ஓரமாக நிறுத்தி ஆளுக்கு ஒரு தனிப்படம். அவர்களுக்குக் காரணம் தெரியும் என்றே நினைக்கிறேன். "நல்லா எடு தம்பி, பெருசா போடுற மாதிரி" என்று ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே சொன்னார்.

ராத்திரிப் பரீட்சையில் முதல் மார்க் கிளவுட்டுக்குத்தான். படுக்கையில் படுத்தபடியே போனில் எடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் மூன்று எச்சரிக்கை. சிங்க், அதாவது போனும் கிளவுட்டும் ஒன்றுபோல இருக்கச் செய்வது, பேக்கப் இல்லை. போனில் இடமில்லை என்று மருமகன் அழித்தால் மேலேயும் அழியும், குப்பைத் தொட்டியில் 60 நாள்தான் இருக்கும். இரண்டாவது, இரண்டு வருஷம் தொடாத கணக்கை கூகுள் நீக்கலாம். மூன்றாவது, பாஸ்வேர்டு என் தலைக்குள் மட்டும் இருந்தால், என் படத்தை பிளெக்ஸில் போடும் நாளில் யாருக்கும் எதுவும் கிடைக்காது. 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்று ஓர் அமைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. மனைவி பெயரை அதில் சேர்த்தேன். "இப்ப எதுக்கு இதெல்லாம்" என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

நோட்டு

எந்த டிஸ்க்கில் எது என்பதற்கு ஒரு நீள நோட்டு. தேதி, மண்டபம், பெண் ஊர், மாப்பிள்ளை ஊர், டிஸ்க் எண். கரண்ட் வேண்டாம், டார்ச் போதும். ஆயுத பூஜை அன்று எல்லா டிஸ்க்கும் வெளியே வரும். பொட்டு வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, டெராகாப்பி என்ற காப்பி சாஃப்ட்வேரில் செக்சம் பார்ப்போம். ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் எண் கணக்கிட்டு வைத்திருக்கிறது. உள்ளே ஒரு புள்ளி மாறியிருந்தாலும் எண் ஒத்துப்போகாது. அப்போது ஈரோட்டுக் காப்பியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வோம். ஒரு வருஷம் கடைப் பையன் பக்தியில் யுஎஸ்பி துளைக்குள்ளேயே குங்குமத்தை வைத்துவிட்டான். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அரை மணி நேரம் துடைத்தோம். இப்போது பொட்டு மேல் மூடிக்கு மட்டும்.

2008 முதல் 2011 வரை எடுத்ததெல்லாம் இன்னும் டிவிடியில்தான். நூற்றுப் பதினேழு தட்டு. கல்யாணம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் உட்கார்ந்து ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுகிறேன். எழுபத்து நாலு முடிந்தது. அதில் ஆறு தட்டு திறக்கவே இல்லை. அந்த ஆறு தட்டில் உள்ள கல்யாணங்களுக்கு நோட்டில் சிவப்பு மையில் சுழித்து வைத்திருக்கிறேன், போன் வந்தால் உடனே சொல்லிவிடலாம், ஆல்பத்தையே தேடிப் பாருங்கள் என்று.