பிள்ளைக்குச் சட்டை: தைப்பதா, றெடிமேட் எடுப்பதா? திருகோணமலையில் எங்கள் வீட்டுக் கணக்கு

சித்திரை வருடப்பிறப்பு நெருங்கினால் திருகோணமலையில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரே பேச்சுத்தான். உடுப்பு எங்கே எடுக்கிறது, எவ்வளவு முடியும்? சிலர் பிரதான வீதி, மத்திய வீதிக் கடைகளில் றெடிமேட் எடுத்துவிடுவார்கள். சிலர் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டையில் மொத்தமாக அள்ளிக்கொண்டு வருவார்கள். இளம் தாய்மார் பலர் இப்போது முகநூல் நேரலையில் பார்த்து ஓடர் போடுகிறார்கள். நாலாவது வழி பழையது: புடவைக்கடையில் துணி வெட்டுவித்து, அயலில் தைக்கிற அக்காவிடம் கொடுப்பது.

நான் அந்த நாலாவது வழியில்தான் நிற்கிறேன். 2022இல் பணவீக்கம் 70 வீதத்தை எட்டிப்பிடித்தபோது எல்லா வீட்டையும்போல எங்கள் வீட்டிலும் உடுப்புச் செலவை உட்கார்ந்து யோசிக்க வேண்டி வந்தது. அப்போதுதான் தைப்பிக்கத் தொடங்கினேன். நிலைமை ஓரளவு சீரான பிறகும் அதை விடவில்லை. எங்களுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள், ஆகவே இங்கே எழுதுவது பெரும்பாலும் பெண்பிள்ளைச் சட்டைகளைப் பற்றியது.

றெடிமேட்டின் வசதியை விளக்கத் தேவையில்லை. போட்டுப் பார்க்கலாம், அன்றைக்கே கொண்டு வரலாம், பிள்ளையும் தானே தெரிந்தெடுத்த சந்தோஷத்தில் இருக்கும். தொல்லை அளவில்தான். ஒரே கம்பியில் மூன்று விதமான அளவு தொங்கும். இந்தியச் சட்டைகளில் 20, 22, 24 என்று இருக்கும். பெரும்பாலும் அது சட்டையின் நீளம், அங்குலத்தில். சீனத்து உடுப்புகளில் 100, 110, 120 என்று இருக்கும். அது பிள்ளையின் உயரம், சென்ரிமீற்றரில். நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவற்றில் 4-5 வயது, 5-6 வயது என்று எழுதியிருக்கும். அது ஐரோப்பியப் பிள்ளையின் உடல்வாகுக்குப் போட்ட கணக்கு, எங்கள் பிள்ளைகளுக்குத் தோளில் தொளதொளவென்று நிற்கும். ஆகவே வயதைச் சொல்லிக் கேட்காதீர்கள். வீட்டிலிருந்து புறப்படுமுன் பிள்ளையின் உயரத்தையும், தோளிலிருந்து முழங்கால் வரையான நீளத்தையும் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். கூட்ட நேரத்தில் இது அரை மணித்தியாலம் மிச்சம்.

இன்னொன்று வெக்கை. பண்டிகைக்கு வருகிற சட்டைகளில் பாதி வலை போன்ற நெற் துணி, உள்ளே விறைப்பான பொலியெஸ்டர் லைனிங். சித்திரை வெயிலில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்கும் கோணேசர் கோயிலுக்கும் அதோடு போய் வருகிற பிள்ளையின் கழுத்தும் இடுப்பும் சிவந்து போயிருக்கும். படம் எடுக்க அழகு. ஒரு முழு நாள் போட்டிருக்க ஏற்றதல்ல.

ஆனால் நான் தையல் பக்கம் சாய்ந்ததற்கு விலையோ வெக்கையோ முதற்காரணம் அல்ல. சட்டையைப் பிரித்துப் பெரிதாக்கலாம் என்பதுதான் காரணம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நாலு வயதுக்கும் பத்து வயதுக்கும் இடையில் ஒரு பிள்ளை வருடத்துக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் வரை உயரும், ஏறத்தாழ 2 அங்குலம் அல்லது சற்றுக் கூட. நெஞ்சுச் சுற்றளவு அந்த வேகத்தில் கூடாது, ஒரு வருடத்தில் ஓர் அங்குலம்கூட வராது. அதாவது பிள்ளை முதலில் நீளுகிறது, அகலம் மெதுவாகத்தான் வருகிறது. சட்டை பத்தாமல் போவதும் பெரும்பாலும் நீளத்தில்தான். அந்த இரண்டு அங்குலம் சட்டைக்குள்ளேயே ஒளித்து வைக்கப்பட்டிருந்தால் அதே சட்டை இன்னொரு வருடம் ஓடும்.

ஒரு றெடிமேட் சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பக்கத் தையலில் ஓவர்லொக் அடித்து, மிச்சத் துணியை மெஷினே சீவி எடுத்திருக்கும். ஒரு விரல் நகத்தின் அகலம் இருந்தால் அதிகம். கீழ்மடிப்பும் அப்படித்தான், அரை அங்குலம், முக்கால் அங்குலம். தொழிற்சாலைக்குத் துணி மிச்சம் பிடிப்பதுதான் லாபம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சட்டையில் பிரிப்பதற்கு ஒன்றும் இராது. பிள்ளை உயர்ந்ததும் அதன் ஆயுள் முடிந்தது.

தைப்பிக்கும்போது இதை நீங்கள் கேட்டு வாங்கலாம். என் மூத்தவளின் சட்டைக்குக் கீழ்மடிப்பு 3 அங்குலம் விடச் சொன்னபோது எங்கள் தையல்கார அக்கா சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “மூண்டு இஞ்சி விட்டா கீழ பாரமாத் தொங்கும் தங்கச்சி. ரெண்டரை விடுறன். இடுப்புக்கு மேல உள்பக்கமா ஒண்டரை இஞ்சிக்கு ஒரு டக் பிடிச்சுத் தாறன், வெளியில தெரியாது.” அவர் சொன்னதுதான் சரி. முதல் வருடம் முடிய அந்த டக்கை, அதாவது உள்பக்கமாக மடித்துத் தைத்திருந்த மடிப்பைப் பிரித்தோம், இடுப்புக் கோடு சரியான இடத்துக்கு இறங்கியது. அடுத்ததாகக் கீழ்மடிப்பைப் பிரித்தோம். இரண்டும் சேர்ந்து 4 அங்குலம். பக்கத் தையலில் ஒவ்வொரு துண்டிலும் முக்கால் அங்குலம் கூடுதலாக விட்டால், இரண்டு பக்கமும் முன்னும் பின்னுமாகச் சேர்த்துச் சுற்றளவில் 3 அங்குலம் வரை கிடைக்கும். பிள்ளைக்கு அவ்வளவு தேவைப்படாது.

இதில் கவனிக்க வேண்டியவை சில. பிரித்த இடத்தில் பழைய மடிப்புக் கோடு தெரியும். வெயிலிலும் தோய்ப்பிலும் வெளிப்பக்கம் வெளிறியிருக்கும், மடிப்புக்குள் இருந்த துணி புதுநிறமாக இருக்கும். கருநீலம், மரூன் போன்ற ஒற்றை நிறத் துணிகளில் இது நன்றாகத் தெரியும். சின்னப் பூப்போட்ட சீத்தையில் கண்ணுக்கே படாது. ஒற்றை நிறம்தான் வேண்டுமென்றால், பிரிக்கும்போது அந்தக் கோட்டின் மேலேயே ஒரு லேஸ் வைத்துத் தைப்பித்துவிடுங்கள், புதுச் சட்டை போலவே இருக்கும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உடுப்பை உள்பக்கம் திருப்பி நிழலில் போட்டால் வெளிறலும் குறையும். கடற்கரைப் பக்கம் உவர்க் கிணற்றில் தோய்க்கிற வீடுகள் கடைசி அலசலை மட்டுமாவது குழாய்த் தண்ணீரில் செய்வது நல்லது.

பருத்தித் துணியைத் தைக்கக் கொடுக்குமுன் ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, பிறகு கொடுங்கள். பருத்தி சுருங்கும். வெட்டிய பிறகு சுருங்கினால் விட்டு வைத்த மடிப்பெல்லாம் அந்தச் சுருக்கத்துக்கே போய்விடும்.

எவ்வளவு பிரித்தாலும் பிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு: கைக்குழி. தைத்த சட்டை ஒன்று கடைசியில் பத்தாமல் போவது அங்கேதான், கமுக்கட்டில் இறுகும். அதனால் அளவு கொடுக்கும்போதே கைக்குழியை அரை அங்குலம் தாராளமாக வெட்டச் சொல்கிறேன். பிறகு இறுகினால் கையைக் கழற்றிவிட்டு, ஓரம் கட்டி, கையில்லாச் சட்டையாக இன்னும் சில மாதம் வீட்டில் போடலாம். அதற்கு மேல் போனால் சின்னவளுக்கு. அவளுக்காக மறுபடி மடித்துத் தைப்பதும் சுலபம், ஏனென்றால் துணி எல்லாம் உள்ளேயே இருக்கிறது.

இனிக் காசு. ஆறு வயதுப் பிள்ளைக்கு 45 அங்குல அகலத் துணி ஒன்றரை மீற்றர் போதும், மடிப்புக்கும் சேர்த்து. நல்ல பருத்தி மீற்றர் 800 ரூபா மட்டில் என்றால் 1,200. லைனிங், சிப், லேஸ் எல்லாம் சேர்த்து 500. தையல் கூலி 1,000, வேலைப்பாடு கூடினால் 1,500. ஆக 2,700 முதல் 3,200 வரை. இதே தரத்தில் கடையில் தொங்குகிற பண்டிகைச் சட்டை எங்களுக்கு 3,500க்குக் குறைந்து அகப்படுவதில்லை, நெற் வைத்ததென்றால் 5,000ஐயும் தாண்டும். எடுக்கிற அன்றைக்கு வித்தியாசம் ஆயிரம் ரூபாதான், அது பெரிதல்ல. ஒன்று ஒரு வருடம் தாக்குப்பிடிக்கிறது, மற்றது இரண்டு வருடத்துக்கு மேல் போய், தங்கைக்கும் இறங்குகிறது. 3,600 ரூபாச் சட்டை ஒரு வருடம் என்றால் மாதம் 300. 3,000 ரூபாச் சட்டையோடு பிரித்துத் தைக்க இரண்டு தடவை 300 கொடுத்தாலும் 3,600தான். அது இரண்டு வருடம் போனாலே மாதம் 150. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்கு வருடப்பிறப்புக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று என்று எடுத்துவந்தோம். இப்போது புதிதாக இரண்டு போதும், மூன்றாவது பழையதைப் பிரித்தது. பிள்ளைக்கும் அதில் மனக்குறை இல்லை, புது லேஸைத் தானே தெரிந்தெடுக்கிறாள்.

எல்லாவற்றையும் தைப்பிக்கச் சொல்லவில்லை. உள்ளுடுப்பு, ரீ-சேர்ட், இரவு உடுப்பு, டெனிம் இவையெல்லாம் கடையில் எடுப்பதுதான் சரி. இழுபடுகிற பின்னல் துணியை வீட்டு மெஷினில் தைத்தால் நூல் அறும், ஓரம் அலையலையாக வரும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் தையல் பயனில்லை, மடிப்பைப் பிரிக்க நேரம் வருமுன் குழந்தை எல்லா அளவையும் தாண்டிவிடும். வீட்டுக்குப் போட, பண்டிகைக் காலத்தில் வீதியோரம் போடுகிற தற்காலிகக் கடைகள் போதும். இலாஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கள், விட்டதும் திரும்பிச் சுருங்க வேண்டும், அவ்வளவுதான் சோதனை.

ஆண்பிள்ளைச் சேட்டு, காற்சட்டை விஷயத்தில் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். தம்பியின் மகனுக்குத் தைப்பித்ததை வைத்துச் சொல்வதென்றால், காற்சட்டைக்குக் கீழ்மடிப்பும் பின் இடுப்பில் கூடுதல் துணியும் நன்றாக உதவின. ஆனால் சேட்டின் கொலர் இருக்கிறதே, அது கடைச் சேட்டின் நேர்த்தியில் வரவில்லை. கொலர் நன்றாகத் தைக்கிறவர் அகப்பட்டால் என் எண்ணம் மாறலாம்.

கொழும்புப் பயணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புறக்கோட்டையில் விலை குறைவு, தெரிவு அதிகம், உண்மை. ஏறக்குறைய 260 கிலோமீற்றர் போய் வருகிற செலவையும் ஒரு நாள் அலைச்சலையும் இரண்டு பிள்ளைகளின் உடுப்பில் மீட்க முடியாது. கல்யாண வீட்டுக்கு முழுக் குடும்பத்துக்கும் எடுப்பதென்றால், அல்லது வேறு அலுவலாகப் போகிறபோது என்றால் சரி. பட்டுப்பாவாடைக்கு மட்டும் அங்கே போவதில் நியாயம் இருக்கிறது. கரைப்பட்டில் நல்ல தெரிவு வேண்டுமென்றால் நாங்களும் அங்கிருந்து யாரிடமாவது துணியாகச் சொல்லியனுப்பி எடுப்பிக்கிறோம். தைப்பது இங்கேதான், கரைக்கு மேல் டக் வைத்து.

நேரலை ஓடரில் என் அனுபவம் மிகக் குறைவு. வீட்டு வாசலில் பொதி வந்த பிறகு காசு கொடுக்கலாம் என்பது வசதிதான். ஆனால் துணியைத் தொட்டுப் பார்க்காமல் அது பருத்தியா பொலியெஸ்டரா என்று தெரிவதில்லை. ஒரு விற்பனையாளரிடம் எடுத்த சட்டை திரையில் கண்ட நிறத்தில் வரவுமில்லை, மாற்றித் தரவுமில்லை. சின்னஞ்சிறு சாமான்களுக்கு, தலைப்பட்டி, காலுறை போன்றவற்றுக்கு, நான் அதைப் பயன்படுத்துகிறேன்.

தையலின் உண்மையான குறை நேரம். ஜனவரியில் பள்ளிக்கூடச் சீருடை வேலை வந்துவிடும். அரசாங்கம் தருகிற வெள்ளைத் துணியோடு எல்லாத் தாய்மாரும் ஒரே கிழமையில் தையல்காரரிடம் போய் நிற்பார்கள். பங்குனி பிறந்தால் வருடப்பிறப்பு வேலை. இடையில் மாசி மாதம் மட்டும்தான் அவர்களுக்குக் கொஞ்சம் கை ஓய்வு. நான் துணியை அப்போதே கொடுத்துவிடுகிறேன். வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைத்து முழுகிய பிறகு பஞ்சாங்கம் சொல்கிற நிறத்தில்தான் உடுக்க வேண்டும் என்கிற வீடுகளுக்கு இது கொஞ்சம் சிக்கல். வாக்கியம், திருக்கணிதம் என்கிற இரண்டு பஞ்சாங்கங்களும் சில வருடங்களில் வேறு வேறு நிறம் சொல்லும். அப்படிப்பட்டவர்கள் சட்டையை முன்னதாகத் தைப்பித்துவிட்டு, நிறம் தெரிந்த பிறகு பட்டியையும் லேஸையும் மட்டும் அந்த நிறத்தில் வைப்பிக்கலாம். நிறத்துக்காகக் கடைக் கடையாக றெடிமேட் தேடுவதைவிட அது லேசு.

உங்களுக்குத் தேவையான திகதிக்கு ஒரு கிழமை முந்தியே வேண்டும் என்று தையல்காரரிடம் சொல்லி வையுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். இந்த ஊரில் தைக்கிற பெண்கள் பலருக்கு அந்த மெஷின்தான் வீட்டு அடுப்பை எரியவைக்கிறது, பிரித்துத் தைக்கிற வேலையை மனமுவந்து செய்து தருகிறவர்களும் அவர்கள்தான். சட்டையை வாங்கும்போது மிச்சத் துண்டுகளையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் வருடம் கைக்குழியில் ஒரு ஒட்டு வைக்க வேண்டி வந்தால் அதே துணி கடையில் கிடைக்காது.